காய்ப்புழுவுக்கு முத்துப் போட்ட கதை

ஊரெல்லாம் புழுவைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்த காலத்தில், புழுவுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்ப்பதற்கென்று மாதச் சம்பளம் வாங்கிய பிறவி நான். சோதனைச்சாலையில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "மொதல்ல குளிச்சிட்டு உள்ள வா" என்று வாசலிலேயே வரவேற்கப்பட்ட சகோதர சகோதரிகளுக்கு என் பாடு புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்கு வெளியே, அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை வளாகத்தில், பருத்திக் காட்டை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். அதற்குள் நாங்கள் மூன்று பேர். பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய சாமுவேல் சார். அவர் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிறவர் என்பதால் கோபம் வந்தாலும் ராகத்தோடுதான் வரும். அட்டெண்டர் பரமசிவம் அண்ணாச்சி. பிறகு, விலங்கியல் படித்துவிட்டு வந்த நான். கொண்டைக்கடலையையும் பருத்தியையும் துளைத்துத் தின்கிற காய்ப்புழுவுக்கென்றே ஒரு வைரஸ் உண்டு. மனுஷரையோ மாட்டையோ அது தொடாது. அதைத் தீனியில் கலந்து புழுவுக்குக் கொடுத்து, செத்த புழுவை அரைத்து, வடிகட்டி, சுத்தமான வைரஸைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தது வைரஸ்தானா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்து, பாட்டிலில் அடைத்து, காட்டில் தெளிக்க வேண்டும். இதுதான் உத்தியோகம்.

உத்தியோகம் நிரந்தரமில்லை. அந்த வருஷம் விவசாயம் பார்க்கிற ஏதாவது ஒரு சம்சாரியின் காட்டில் எங்கள் சரக்கு வேலை செய்து காட்டாவிட்டால் பங்குனியோடு திட்டத்தை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மூடினால் சாமுவேல் சாருக்கு வேறு ஊர், அண்ணாச்சிக்கு வேறு பிரிவு. எனக்கு நாகலாபுரம். அங்கே என் அம்மா, விளாத்திகுளத்தில் அரிசிக் கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தாள். "பொண்ணு வேலைக்குப் போகப்படாது" என்பது அவர்கள் நிபந்தனை. அம்மாவை எதிர்த்துப் பேசவும் முடியாது. போதாததற்கு அம்மன் மேல் பயபக்தி வேறு அதிகம் அவளுக்கு. அடுத்த தெருவில் யாருக்காவது அம்மை போட்டால் எங்கள் வீட்டில் குழம்பு தாளிக்க மாட்டாள். ஆக, நாலு புழு ஒழுங்காகச் செத்தால்தான் எனக்குப் பிழைப்பு என்று ஆகிப்போனது.

பை நிறைய ஆள்

காய்ப்புழுவிடம் ஒரு கெட்ட குணம். இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக்குடித்தனம் வைக்க வேண்டும். ஊசி மருந்து வந்த காலிக் குப்பிகளுக்காகப் பரமசிவம் அண்ணாச்சி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். காட்டில் புழு பொறுக்கப் போகும்போது குப்பி போதாது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது நமக்கென்ன குறைச்சல்? ஒரு பெட்டிக்கு ஒரு புழு, கூடவே ஒரு கடலை இலை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை நாகலாபுரத்திலிருந்து திரும்பும்போது பை நிறையப் புழுப்பெட்டிகளோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுப் பெரியவர் வாயில் பீடியோடு திரும்பினார். "யம்மா, ஒரு பெட்டி தா, பத்தவச்சிட்டுத் தாரேன்." "அது தீப்பெட்டி இல்லீங்க" என்றேன். கண்முன்னால் தீப்பெட்டியைக் காட்டிக்கொண்டு தீப்பெட்டி இல்லை என்றால் யார் நம்புவார்கள்? என்னைச் சரியான கஞ்சப்பிசினாரி என்று நினைத்தவர், தானே ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே இருந்த பச்சைப் புழு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பீடி மடியில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு, பெட்டியைப் பதனமாக மூடிப் பைக்குள் வைத்தவர், கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்தப் பிள்ளைக்கு மட்டும் டிக்கெட்டு போட்டுட்டுப் போறியே, பை நெறைய ஆளு இருக்குல்லா!"

வளாகத்தின் முதல் மிக்ஸி

மிக்ஸி என்ற சாமான் அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கள் வளாகத்தில் முதல் மிக்ஸி எங்கள் சோதனைச்சாலைக்குத்தான் வந்தது. செத்த புழுக்களைத் தண்ணீரில் போட்டு அழுக விட வேண்டும். அழுகியதை மிக்ஸியில் அரைத்து, மல் துணியில் வடிகட்டி, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, குழாய்களைச் சுழற்றுகிற மெஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். தோலும் சக்கையும் ஒரு சுற்றில் போகும். கொழுப்பு மேலே மிதக்கும். கடைசியில் குழாயின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு படிவு தங்கும். அந்தப் படிவை நல்ல தண்ணீரில் கலக்கி மறுபடி சுற்ற வேண்டும். இப்படி மூன்று முறை கழுவினால் வைரஸ் சுத்தம். எங்கள் சேலையும் சட்டையும் மட்டும் எத்தனை முறை கழுவினாலும் சுத்தமாகாது.

ஆனால் அந்தப் படிவில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வைரஸ்கள் மொத்தமாகப் பொதிந்திருக்கும் படிகங்கள் முத்து முத்தாக அப்படி மின்னும். முதன்முதலில் பார்த்த அன்று நாற்றமெல்லாம் மறந்து, சாமுவேல் சார் "போதும்மா, நானும் பாக்கணும்" என்று சொல்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் நின்றேன். அன்று வந்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் எந்த நகைக்கடை வாசலிலும் வந்ததில்லை.

மிக்ஸிக்கு வருவோம். கணக்குப் பிரிவு கிளார்க் ஒருவர், மகள் பிறந்தநாளுக்குச் சட்னி அரைக்க வேண்டும் என்று தேங்காய்ச் சில்லோடு வந்து நின்றார். முடியாது என்றோம். அரசாங்கச் சொத்தில் தனக்கும் பாத்தியதை உண்டு என்று சட்டம் பேசினார். பரமசிவம் அண்ணாச்சி எழுந்து வந்தார். அன்றைய சரக்கோடு இருந்த ஜாரைக் கிளார்க் மூக்குக்கு நேரே கொண்டுபோய் மூடியைத் திறந்தார். கிளார்க் தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரை பின்னோக்கியே நடந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி, எங்க வீட்டு அம்மியே நல்லாத்தான் அரைக்குது."

முட்டுவலி

வாசலில் 'டாக்டர் சாமுவேல்' என்று பலகை இருந்ததால் காய்ச்சல், இருமல் என்று அவ்வப்போது ஆட்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து அய்யலுசாமி என்ற சம்சாரி அப்படித்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாமுவேல் சார் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, தான் மனுஷர்களுக்கு டாக்டர் இல்லை, புழுவுக்குத்தான் டாக்டர் என்றார். அய்யலுசாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்பம் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன். முட்டுவலி கெடக்கட்டும், எங்காட்டுக் கடலை பூராவும் புழுவு!"

முத்து

எங்களுக்கு வேண்டிய காடு கிடைத்துவிட்டது. கையில் இருந்த வைரஸ் முழுவதையும் அந்தக் கடலைக் காட்டுக்கே கொண்டுபோனோம். விதைக்கு வைத்திருந்ததையும் பொங்கித் தின்ற மாதிரி, சோதனைச்சாலையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அடுத்த போகத்துக்கு வேண்டியதை இந்தக் காட்டில் சாகிற புழுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெயில் பட்டால் வைரஸ் வீணாகிவிடும் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகு, புழு விரும்பித் தின்னக் கருப்பட்டித் தண்ணீரும், மறுநாள் வெயிலைத் தடுக்கத் துணிக்குப் போடுகிற நீலமும் கலந்து தெளித்தோம். அய்யலுசாமியின் சம்சாரம் குருவம்மாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இப்போதெல்லாம் கருப்பட்டி போட்டுக் காப்பி கொடுக்கிறதில்லை என்றாள்.

சிக்கல் பிறகுதான் வந்தது. எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தால் புழு அன்றைக்கே சாகும். வைரஸுக்கு ஒரு வாரம் போல ஆகும். அதுவரை புழு சீக்கோடு நடமாடும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் அய்யலுசாமியைக் கேலி பேசித் தீர்த்துவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்து நான் காலை பஸ்ஸில் போய் இறங்கினால், மனுஷர் எண்ட்ரின் டப்பாவும் வாடகைத் தெளிப்பானுமாக நிற்கிறார். மருந்து அடித்துவிட்டால் எந்தப் புழு எதனால் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அரிசி மூட்டைகள் என் கண்முன்னால் வரிசையாக நின்றன.

"அண்ணாச்சி, அடிக்காதீங்க! புழுவுக்குச் சீக்கு வந்திருச்சு!"

"என்ன சீக்கு டீச்சர்? நல்லாத் தின்னுட்டு நடமாடுது. ஊரே சிரிக்குது." அங்கே நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

வைரஸ் என்றேன். புரியவில்லை. நச்சுயிரி என்றேன். எனக்கே புரியவில்லை. ஒரு புழுவை எடுத்துக் காட்டினேன். உடம்பு வெளுத்து, ஊதி, மினுமினுப்பாக இருந்தது. "பாருங்க அண்ணாச்சி, உள்ள பூராவும் முத்து. மைக்ராஸ்கோப்புல பாத்தா முத்து முத்தாத் தெரியும்" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. "முத்தா?" என்றார். "ஆமா, முத்துதான்." அவர் தெளிப்பானைத் தோளிலிருந்து மெள்ள இறக்கினார். செருப்பைக் கழற்றினார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. குருவம்மாளைப் பார்த்து "அம்மவாரு வச்சிந்தி!" என்று கத்தினார். அம்மன் வந்திருக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன முத்து ஒன்று, அவர் கேட்டது அம்மை முத்து. திருத்த வாயைத் திறந்தேன். அவர் எண்ட்ரின் டப்பாவைக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்ல நேரத்துல சொன்னே தாயீ. ஆத்தா வந்த எடத்துல மருந்தடிச்சா எங்குடும்பம் வெளங்குமா?"

வேப்பிலை

மறுவாரம் மேலிடத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். காட்டின் நாலு மூலையிலும் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. உள்ளே கால் வைக்கப் போனவரைக் குருவம்மாள் மறித்து, பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். அவர் சாமுவேல் சாரைப் பார்த்தார். சாமுவேல் சார் வானத்தைப் பார்த்தார். அதிகாரி பூட்ஸைக் கழற்றிவிட்டு, நெருஞ்சி முள்ளில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்தார்.

காடு அருமையாக இருந்தது. நுனிக்கொப்பு தோறும் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. ஆனால் அவர் பார்வை புழுவின் மேல் இல்லை, வேப்பிலையின் மேல் இருந்தது. "வேம்பும் பூச்சியை விரட்டும்தானே? அப்போ இது உங்க வைரஸ் செஞ்ச வேலைன்னு எப்படி நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. சாமுவேல் சார் பதில் சொல்ல ஆரம்பித்தார். குரலில் ராகமே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வளர்த்த புழு, பேரை வேப்பிலைக்குக் கொடுத்துவிட்டுச் சாவதா? ஜீப் பானட்டின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன். தொங்கிய புழு ஒன்றைத் தொட்டதும் தோல் கிழிந்து பால் மாதிரி வடிந்தது. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, "பாருங்க சார்" என்றேன். அவர் குனிந்தார். திருகினார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு அவரையும் அறியாமல், "அடடா, முத்து முத்தால்ல இருக்கு!" என்றார்.

பக்கத்தில் கைகட்டி நின்ற அய்யலுசாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அதத்தான சார் நாங்க ஒரு வாரமாச் சொல்லுதோம், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்!"

மூன்று தண்ணீர்

அதிகாரி பூட்ஸை மாட்டிக்கொண்டே இன்னொரு குண்டைப் போட்டார். காடு சரி. அடுத்த போகத்துக்குச் சரக்கு எங்கே? இந்தப் புழுக்களிலிருந்து சுத்தமான வைரஸ் ஒரு பாட்டில் எடுத்துக் காட்டினால் திட்டத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நாங்கள் புழுவைப் பொறுக்கிப் போட ஏனத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனோம். குருவம்மாள் குறுக்கே வந்து நின்றாள். அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று ஒன்றுவிட்டு ஒருநாள் ஊற்றி ஆத்தா இறங்கிய பிறகுதான் எதையும் கொடுக்கலாம். சாமுவேல் சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீங்க வேதக்காரவிய, ஒங்களுக்குத் தெரியாது சார்" என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டாள். அத்தனை நாள் போனால் புழு கரைந்து கரிசலில் கலந்துவிடும். வழித்தெடுக்க ஒன்றும் இருக்காது. இந்த அம்மையை ஊட்டி வளர்த்தவளே நான்தான் என்பதால் அதை இல்லையென்று சொல்லவும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே யோசித்தபோதுதான் தோன்றியது. சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனாலும் முதல் காரியமாகத் தண்ணீரில்தான் ஊறப்போடப் போகிறோம். அந்தத் தண்ணீரை இங்கே ஊற்றினால் என்ன? "மதினி, வெளிய கொண்டுபோகல. இங்கனயே ஒரு பானையில போட்டுருவோம். ஒங்க கையாலயே மூணு தண்ணியும் ஊத்துங்க" என்றேன். குருவம்மாள் என்னைக் கட்டிக்கொண்டாள். புதுப்பானை வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து புழுப் பொறுக்கினோம். பானையை வேலியோரத்து வேப்பமரத்தடியில் வைத்து, முதல் தண்ணீரை ஊற்றியவள், நான் தடுப்பதற்குள் ஒரு பிடி மஞ்சள் தூளையும் போட்டுவிட்டாள். "ஐயோ, மஞ்சளா!" என்று சாமுவேல் சார் அலறினார், இந்தத் தடவை நல்ல உச்சஸ்தாயி.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று பானைக்குள் எங்கள் பாணியில் புழு அழுகி, அவள் பாணியில் ஆத்தா குளிர்ந்திருந்தாள். அந்த நாற்றத்தோடு பானையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, பெண்கள் குலவையிட, பஸ் நிறுத்தம் வரை வந்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லபடியா எறங்கிட்டா டீச்சர். இனிம நீங்க அரைச்சிக்கிடுங்க."

மஞ்சள் பாட்டில்

அரைத்தோம், வடிகட்டினோம், சுற்றினோம், கழுவினோம். மூன்று கழுவல் போதாதென்று மேற்கொண்டும் கழுவினோம். மைக்ராஸ்கோப்பில் முத்துகள் கொள்ளை கொள்ளையாக இருந்தன. ஆனால் பாட்டிலில் அடைத்தால் இளமஞ்சள். அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நிறத்தைப் பற்றிக் கேட்டார். குருவம்மாளின் கைங்கரியம் என்று சாமுவேல் சார் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதிகாரி தானே ஒரு சொட்டை வைத்துப் பார்த்தார். திட்டம் நீடித்தது. அன்று சாமுவேல் சார் வாங்கிவந்த கடலை மிட்டாயைக் கை கழுவாமலே தின்றேன்.

அடுத்த போகத்தில், அந்தப் பாட்டிலை விதையாக வைத்துப் பெருக்கிய, வெள்ளைவெளேரென்று சுத்தமான சரக்கை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் பசுவந்தனைப் பக்கம் போனோம். ஒருவரும் வாங்கவில்லை. அன்றிலிருந்து பரமசிவம் அண்ணாச்சி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவதும், அந்த நேரத்தில் சாமுவேல் சார் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. போன வருஷம் கேலி பேசிய பக்கத்துக் காட்டுக்காரர்தான் முதல் ஆளாகப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர்.

"இது தண்ணி ஊத்தாத பாட்டிலுல்லா! அய்யலுசாமி காட்டுப் பானையில எடுத்தியளே, அந்த மஞ்சப் பாட்டில் இருந்தாத் தாங்க."

அரிசிக் கடை

அந்தச் சமயத்தில்தான் விளாத்திகுளத்துக்காரர்கள் தேதி குறிப்பதற்காக நாகலாபுரத்துக்கு வருவதாகத் தகவல் வந்தது. வேலை நிலைத்தும் விதி விடவில்லையே என்று நொந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். தெருவில் திரும்பும்போதே அம்மாவின் குரல் கேட்டது. எனக்கு முன்னால் பசுவந்தனைக் கதை பஸ் ஏறி வந்துவிட்டிருந்தது. வருகிற வழியில் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. வந்தவர்களை அம்மா வாசற்படி ஏறவே விடவில்லை. அவர்கள் கொண்டுவந்த வெற்றிலை பாக்கும் பூவும் அவர்கள் கையிலேயே இருந்தன.

"எம் மக நெதமும் கையில முத்தோட ஆத்தா காரியம் பாத்துக்கிட்டிருக்கா. தண்ணி ஊத்தி ஆத்தா எறங்குத மட்டுக்கும் இந்த வீட்ல கல்யாணப் பேச்சு எடுக்கப்படாது, போயிட்டு வாங்க!"

அந்த ஆத்தா எங்கள் சோதனைச்சாலையை விட்டு இறங்கப் பல வருஷம் ஆயிற்று என்பதால், வைரஸைச் சுத்தம் செய்ய மட்டுமல்ல, வந்த மாப்பிள்ளையைச் சுத்தமாகக் கழுவி அனுப்பவும் மூன்று தண்ணீர் போதும் என்பதே நான் அந்த உத்தியோகத்தில் கண்டுபிடித்த ஒரே கண்டுபிடிப்பு.